எட்டடி நிலம்

"எட்டடி. வெறும் எட்டடி. அதைக்கூடத் தர மாட்டாராம்!"

சிட்டிபாபுவின் வீட்டு வாசலில் நின்று, அவருக்கும் கேட்கும்படிதான் பென்னி சொன்னான். அவன் பின்னால் பதினைந்து பேர். எல்லோரும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருப்பு. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், வேலை கொடுக்கும் அபார்ட்மென்டுகள். சுற்றி வர மெயின் ரோட்டில் நாலு கிலோமீட்டர். நடைபாலம் கேட்டு பென்னிதான் இரண்டு வருடம் அலைந்தான். பாலம் சாங்ஷன் ஆகிவிட்டது. அந்தக் கரை அரசு நிலம். இந்தக் கரையில் பாலம் இறங்கும் இடம் மட்டும் சிட்டிபாபுவுடையது.

"உள்ள வாங்க," என்றார் சிட்டிபாபு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கூட வந்திருந்த பாலத்து இன்ஜினீயர் மிருதுளா வரைபடத்தை அவர் முன்னால் விரித்தாள். "சார், சம்மதக் கடிதத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"இந்த பேப்பர்ல போட மாட்டேன்னு போன வாரமே சொன்னேனே."

"ரோட்டை அகலப்படுத்த வந்தப்பவே கோர்ட்டுக்குப் போன ஆளு," என்றான் பென்னி பக்கத்திலிருந்தவரிடம்.

"ஆமா, போனேன். கேஸ் இன்னும் நடந்துகினு கீது," என்றார் சிட்டிபாபு.

மிருதுளா பொறுமையாகச் சொன்னாள். "உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் சார் டிசைனையே மாத்தினோம். இதுக்கு மேல குறைக்க முடியாது."

"நான் குறைக்கச் சொல்லலையே."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மா முன்னால் வந்தாள். அபார்ட்மென்டுகளுக்கு சைக்கிளில் தோசை மாவு கொண்டுபோய் விற்பவள். இடது முழங்கையில் கட்டு.

"அண்ணா, போன மாசம் தண்ணி லாரிக்காரன் இட்சிட்டான். மாவு பூரா ரோட்டுல. அன்னிக்கு கையோட போச்சு. அட்த்த தபா இன்னா ஆவும்? நீ கையெழுத்துப் போடலன்னா நாளைக்கும் நான் அந்த ரோட்டுலதான் போவணும். உன்கிட்ட இல்லாத நிலமா?"

சிட்டிபாபு அவளைப் பார்த்தார். "சைக்கிள் எங்கம்மா?"

"வாசல்ல கீது. மாவோட."

"பென்னி, அந்த சைக்கிளை அப்படியே தூக்கினு போய் மொட்டை மாடியில வெச்சுட்டு வா. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

"திமிரைப் பாரு," என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல். "இவரு வூட்டு வேலைக்காரனா அவன்?"

"விடுக்கா. பாலத்துக்காக இதையும் செய்யறேன்," என்றான் பென்னி. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருந்தது. சைக்கிளின் கேரியரில் பெரிய மாவு டப்பா. முதல் மூன்று படிகளை வேகமாக ஏறினான். நாலாவதில் ஹேண்டில்பார் திரும்பி நெஞ்சில் இடித்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டான். டப்பா சரிந்து, மாவு அவன் பேன்ட்டில் வழிந்தது. கன்னியம்மா ஓடிப்போய்ப் பின்சக்கரத்தைத் தாங்கினாள். கட்டுப்போட்ட கைதான் முதலில் நீண்டது.

"உங்க பாலத்துல இந்தப் பக்கம் எத்தினி படிம்மா?" என்று சிட்டிபாபு மிருதுளாவிடம் கேட்டார்.

"பதினாறு சார்."

"தினம் இவ தூக்கினு ஏறுவாளா?"

கன்னியம்மா மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தாள். "படியா? சைக்கிள் போவும்னு சொன்னாங்களே."

"அந்தக் கரையில சரிவுதான். இங்கயும் முதல்ல சரிவாத்தான் போட்டிருந்தோம்," என்றாள் மிருதுளா. "ஆனா அதுக்கு நூறு அடி வேணும். அவ்வளவு நிலம் நீங்க தர மாட்டீங்கன்னு..." மேலே சொல்லாமல், படியில் நின்ற பென்னியைப் பார்த்தாள்.

"போன வாரமே இதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். கஞ்சன்னு கத்திக்கினு பென்னி எழுந்து போய்ட்டான்."

சிட்டிபாபு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"நூறு அடின்னு திருத்தும்மா, இப்பவே போடறேன். என் நிலத்தை என்னைக் கேக்காமலே இல்லைன்னு சொல்றதுக்கு இவன் யாரு?"