அடியில் கொஞ்சம் குளிர்ச்சி

கமலம்மா அந்தத் தகர டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்ததும், வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அது என்னவென்று நகரியில் அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் புருஷன் கன்னையா செய்த வெயில் இன்ஜின்.

அகலமான பிஸ்கட் டப்பாவை அறுத்து, உள்ளே தெர்மாகோல் வைத்து, ஒரு ஓரத்தில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, சைக்கிள் கம்பியை வளைத்து, சக்கரத்துக்குப் பழைய சி.டி. ஒன்றை மாட்டியிருந்தார். கறுப்பு பெயின்ட் அடித்த மேல்தட்டில் வெயில் பட்டால் உள்ளே காற்று விரியும், சக்கரம் சுற்றும். கணக்கு அதுதான். நகரி வெயிலைத் திட்டாத ஒரே ஆள் கன்னையா.

அவர் பவர்லூம் மெக்கானிக். கரன்ட் போனால் தெருவே தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடும். இவர் மட்டும் மாடிக்கு ஓடுவார். இதையே பெரிதாகக் கட்டினால் தறி ஓடும் என்பார். தறி இருக்கட்டும், முதலில் ஈ ஓட்டச் சொல்லு என்பாள் கமலம்மா. கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருஷமாக இன்ஜின் ஒரு நாளும் ஓடியதில்லை. விரலால் சுண்டிவிட்டால் நான்கு சுற்று, ஐந்து சுற்று. அப்புறம் நின்றுவிடும்.

"சூடு மட்டும் பத்தாது கமலா. மேல காயணும், அடியில சில்லுன்னு இருக்கணும். நம்ம ஊர்ல அடியும் கூடவே காஞ்சிப் போவுது."

இதை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவள் நூல் சுற்றிக்கொண்டே 'உம்' கொட்டியிருக்கிறாள்.

நேற்று பன்னிரண்டு மணிக்கு மாடியிலிருந்து வந்து, ஒரு தட்டு ஐஸ் கேட்டார். சாயங்காலம் நாராயணவனத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அவர்களுக்கு ஜூஸ் போட வைத்திருக்கிறேன், உன் டப்பாவுக்குக் கொட்டவா என்று கேட்டு, ஃப்ரிட்ஜ் கதவைப் படாரென்று சாத்தினாள்.

அவர் ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டு திரும்பவும் மாடிக்குப் போனார்.

ஐஸைக் கொடுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்திருப்பார். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது, மூன்றும் ஆனது. கோபம் போலிருக்கிறது, வயிறு காய்ந்தால் தானே வருவார் என்று அவளும் கூப்பிடவில்லை.

சம்பந்தி வீட்டார் நேற்று வரவில்லை. இன்று விடிந்ததும் வந்துவிட்டார்கள். பாலசமுத்திரத்திலிருந்து கன்னையாவின் தம்பி ரமணாவும் வந்திருந்தான்.

ஃப்ரிட்ஜில் இப்போது ஒரு துண்டு ஐஸ் கிடையாது. ஆனால் இன்று வீட்டில் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. காலையிலேயே அவளுக்கு அது உறைத்துவிட்டது. இன்ஜின் இன்று ஓடினால்தான் உண்டு. நாளைக்கு ஓடி யாருக்கு என்ன?

வாசலில் போட்டிருந்த ஷாமியானாவின் ஒரு பக்கத்துக் கயிற்றை அவளே அவிழ்த்தாள். துணி சரிந்து, பத்து மணி வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. வேர்த்திருந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, டப்பாவை அதன்மேல் வைத்தாள். அடித்தட்டில் குளிர் ஏறட்டும் என்று கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க அண்ணி? நேரம் ஆவுது. எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க" என்றான் ரமணா.

அவள் காதில் வாங்கவில்லை. சி.டி.யை ஒரு சுண்டு சுண்டினாள்.

ஐந்து சுற்று. நிற்கப்போவதுபோல் தயங்கியது.

ஆறு. ஏழு. அப்புறம் யாரும் எண்ணவில்லை.

டக்டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு சக்கரம் சுற்றியது. அதில் பட்டுத் தெறித்த வெயில் ஏழு நிறமாக ஷாமியானா துணியெங்கும் ஓடியது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றுவரை சிரித்தவர்கள் ஒவ்வொருவராகச் சேரைவிட்டு எழுந்து நின்றார்கள்.

கமலம்மா சக்கரத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கழுத்தில் மாலையோடு படுத்திருந்த கன்னையாவைப் பார்த்தாள். தரமாட்டேன் என்று சொன்ன ஐஸ் அத்தனையையும், மாடி வெயிலில் விழுந்து கிடந்தவரின் நெற்றியிலும் கழுத்திலும் நேற்று அவளே வைத்து வைத்துக் கரைத்திருந்தாள். அவர் கண் திறக்கவில்லை.

"இந்தா, ஓடுதுய்யா. நிக்காம ஓடிக்கினே கீது. எய்ந்து பாரேன்யா."

எடுக்க நேரமாகிறது என்று ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்த ரமணா, கையை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றான்.