கவனச்சிதறல்

"கவனச்சிதறல்! அதுதாங்க நம்ம முதல் எதிரி!" மேஜையை ஓங்கித் தட்டினார் இலக்கு சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் 'இலக்கு, இலக்கு' என்பதால் ஆபீசில் இந்தப் பெயர்.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்க அவர் ஆரம்பித்த தொண்டு நிறுவனம் அது. ஆரம்பத்தில் இருந்ததெல்லாம் ஒரு மேஜை, ஒரு போன். பேச ஆளில்லாதவர்கள் கூப்பிடலாம். அவ்வளவுதான் வேலை.

இப்போது போன் மூலைக்குப் போய்விட்டது. ஹால் முழுக்க மாரத்தான் ஓட்டத்துக்கு வந்த டி-ஷர்ட் மூட்டைகள். நன்கொடையாளர்களுக்கு வீடியோ, சிறப்பு விருந்தினருக்குக் கேடயம், மரம் நடும் விழா என்று ஆளாளுக்குத் தலைக்கு மேல் வேலை. மரத்துக்கும் வயதானவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் ஒரு மீட்டிங் போட்டுவிடுவார்.

இன்றைய மீட்டிங்கும் அந்த ரகம்தான். வேலை குவிந்து எல்லோரும் திணறுகிறார்களாம். திணறாமல் இருப்பது எப்படி என்று பேசுவதற்காக, இருந்த வேலையையும் போட்டுவிட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

நடுவில் அவருடைய செல்போன் அடித்தது. பார்த்தார். கட் செய்து கவிழ்த்து வைத்தார்.

"பாத்தீங்களா? வீட்டுலேர்ந்துதான். எடுத்தேனா? இதுக்குப் பேருதான் ஒழுங்கு!"

கணக்காளர் பரவசமாகத் தலையாட்டினார். சம்பள உயர்வு கேட்டிருக்கும் மனுஷன், வேறு என்ன செய்வார்?

சற்று நேரத்தில் மூலை போன் அலறியது. வாயாடி எழுந்து ஓடினாள். நாள் முழுக்க அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பட்டம்.

"சொல்லுங்கம்மா, முழங்கால் எப்படி இருக்கு?... என்ன, அந்தப் பூனை மறுபடியும் வந்துடுச்சா? கதவைத் திறந்து வெச்சுட்டு எங்கிட்ட புகாரா?" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இங்க நாம உயிரை விடறோம், அங்க பூனைக் கதை ஓடுது," என்றாள் டி-ஷர்ட் பொறுப்பில் இருந்தவள். "தினமும் இதே ஆள்தான் சார். இவளும் விடாம பேசறா."

இலக்கு சார் எழுந்து மூலைக்கே போய்விட்டார்.

"போனை வைம்மா. டி-ஷர்ட்டை சைஸ் வாரியா பிரிக்க ஆளில்லாம கிடக்கு."

வாயாடி ரிசீவரைக் கையால் பொத்தினாள். "கொஞ்ச நேரம் சார். இவங்களுக்கு என்னை விட்டா பேச நாதியில்ல."

"நாளையிலேர்ந்து இந்த லைனே கிடையாது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்'னு ரெக்கார்ட் பண்ணிப் போட்டுடலாம். கேட்டுட்டு வெச்சுடுவாங்க."

"ஐயோ, அப்ப இவங்க யார்கிட்ட சார் பேசுவாங்க?"

"ஏன், பிள்ளைகுட்டி இல்லையா?"

"ஒரு மகன் இருக்காரு சார்."

"அப்ப அவன்கிட்ட பேசச் சொல்லு! பெத்தவளை அம்போன்னு விட்டுட்டுத் திரியற தடிப்பயலுக்காக நம்ம இலக்கைத் தள்ளிப் போட முடியுமா?"

வாயாடி தரையைப் பார்த்தாள்.

"யாரு அந்த அம்மா? பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார். சத்தியம் வாங்கியிருக்காங்க."

"ஓஹோ, சத்தியம் வேறயா? அம்மாதானா, இல்ல வேற யாராவதா?"

கணக்காளர் முதலில் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது. வாயாடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஸ்பீக்கர்ல போடறேன். ஆபீஸ் நேரத்துல அம்மணி யார்கூட கொஞ்சறாங்கன்னு எல்லாரும் கேக்கட்டும்!"

"வேண்டாம் சார்!" போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னை வேலையை விட்டு வேணும்னாலும் அனுப்பிடுங்க. இது மட்டும் வேண்டாம். சொன்னாக் கேளுங்க!"

"அனுப்பத்தான் போறேன்," என்று போனைப் பிடுங்கி மேஜையில் வைத்து பட்டனை அழுத்தினார்.

"என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்?" தளர்ந்த குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "வேலையா இருக்கியா? இப்பதான் அவனுக்குப் போட்டேன். எப்பவும் போல கட் பண்ணிட்டான். பாவம், மீட்டிங்ல இருப்பான்."

சிரிப்பு நின்றுபோனது. கணக்காளர் டி-ஷர்ட் மூட்டையைப் பார்த்துக்கொண்டார்.

இலக்கு சார் பட்டன் மேல் பாய்ந்தார். அணைக்கப் போய், சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"அங்கேதானே இருக்கான் என் பிள்ளை? நான் பேசறேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே கண்ணு. பேச ஆளில்லாதவங்களுக்குன்னு அவன் வெச்ச நம்பருக்கு, அவனைப் பெத்தவளே போன் பண்ற விஷயம் வெளியில தெரிஞ்சா, பிள்ளைக்கு அவமானமாப் போயிடும்!"