ஐந்தாவது கட்டம்

கரி பஸ் ஷெட் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு தடவை இருமியது, ஒரு தடவை உடம்பைக் குலுக்கியது, அப்படியே நின்றுவிட்டது.

சோதனை ஓட்டம் பார்க்க வந்திருந்த ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாத்தியார் கல்யாணராமனிடம் திரும்பினார். "பத்து நிமிஷம் தரேன். யார் தப்புன்னு ஒரு பேர் எழுதிக் குடுங்க. அந்த ஆளை இன்னியோட நீக்கிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பேர் வரலைன்னா வகுப்பையே மூடிடறேன்."

தியாகராய நகர் ஷெட்டில் மூன்று மாதமாக நடக்கிற வகுப்பு அது. யுத்தம் பெட்ரோலையெல்லாம் விழுங்கிவிட்டது. அதனால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொடுத்தார் கல்யாணராமன். வயது இருபத்தெட்டு. இன்ஜினீயர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படியேறி இறங்கிய பிறகு கிடைத்த வேலை.

எல்லார் கண்ணும் ஷரஃபுதீன் மேல் போயிற்று. வடிகட்டி அவர் பொறுப்பு. திறந்து பார்த்தால் உள்ளே நார் முழுக்கச் சொதசொதவென்று ஊறி அடைத்துக்கொண்டிருந்தது.

ஷரஃபுதீனுக்கு நாற்பது தாண்டியாயிற்று, ஐந்து பிள்ளைகள். லாரி வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவர். இங்கேயும் போனால் வேறு போக்கிடமில்லை. மனுஷர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அவர் பெயரை எழுதிவிட்டால் தீர்ந்தது. கல்யாணராமன் பேனாவைத் திறக்கவும் திறந்துவிட்டார். ஆனால் முதல் நாள் வகுப்பில், பெரிய மேதாவி மாதிரி தான் பேசியது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பஸ் நின்றால் நின்ற இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த இடத்துக்கு யார் எதை அனுப்பினார்கள் என்று பாருங்கள் என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு விட்டாரா? கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, அடுப்பு, குழாய், வடிகட்டி, எஞ்சின் என்று எழுதி, நடுநடுவே அம்புக்குறி வேறு.

சரி, பார்த்துத்தான் விடுவோமே என்று அடுப்பிலிருந்து ஆரம்பித்தார்.

அடுப்பு கபாலியுடையது. தினமும் நெல்லிக்காய் அளவில் போடுகிற கரியை, இன்றைக்குக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்துப் போட்டிருந்தான்.

"பொடிசா இருந்தா ஜோரா பத்திக்கும் சார். என் கரியில இன்னா குத்தம் கீது?"

ஜோராகத்தான் பற்றியிருந்தது. ஆனால் அத்தனை நெருக்கத்தில் காற்று எந்த வழியாக நுழையும்?

குழாய் வேம்புவுடையது. வாயு நன்றாக ஆறட்டும் என்று குழாய் முழுக்க ஈரச் சாக்கைச் சுற்றி வைத்திருந்தான். வாயுவும் ஆறியது. ஆறி, உள்ளேயே வேர்த்து, அந்தத் தண்ணீர் நேரே வடிகட்டிக்குள் இறங்கிவிட்டது.

அங்கே ஷரஃபுதீன், இரண்டு அடுக்குத் தேங்காய் நார் போதுமென்ற இடத்தில் நாலு அடுக்குத் திணித்து வைத்திருந்தார். ஒரு தூசி எஞ்சினுக்குப் போகக்கூடாதாம்.

அடேயப்பா! ஒருத்தரும் சோம்பி நிற்கவில்லை. ஆளாளுக்கு நேற்றைவிட ஒருபடி நன்றாகவே செய்திருக்கிறார்கள். அந்த மூன்று நல்ல காரியமும் சேர்ந்து எஞ்சினை மூச்சு முட்ட வைத்துவிட்டன.

கல்யாணராமனுக்குக் கோபம் வந்தது. "மூணு மாசமா இல்லாத கரிசனம் இன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் எங்கேர்ந்து வந்தது?"

மூன்று பேரும் ஷெட் கதவைப் பார்த்தார்கள்.

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'அடுப்பு, குழாய், வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மார்க். யாருடைய பாகம் மிகச் சிறந்ததோ அவருக்கு மட்டும் நிரந்தர வேலை.' 'மட்டும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. நேற்று சாயங்காலம் அதை எழுதி ஒட்டியவர் கல்யாணராமனேதான்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

விடுவிடுவென்று வகுப்புக்குள் போனார். நாலு கட்டத்துக்கும் மேலே ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அதிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் அம்புக்குறி இழுத்தார். கட்டத்துக்குள் ஒன்றும் எழுதவில்லை. வெளியே வந்து, சீட்டில் ஒரு பெயரை எழுதி மடித்து ஆபீசரிடம் நீட்டினார்.

ஆபீசர் பிரித்துப் பார்த்தார். பிறகு கல்யாணராமனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"ஆமாம் சார்."

சீட்டு கோட்டுப் பைக்குள் போயிற்று.

கரியை மாற்றினார்கள். சாக்கை அவிழ்த்தார்கள். நனைந்த நாரை வீசிவிட்டு இரண்டே அடுக்கு வைத்தார்கள். முக்கால் மணியில் பஸ் கிளம்பியது. ஷரஃபுதீன்தான் ஓட்டினார். இதுதான் கடைசித் தடவை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணராமன் அதைக் கவனித்தார். ஆனாலும் சீட்டில் யார் பெயர் என்று சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஆபீசரோடு வாதாடப் போய்விடுவார். முதலில் பஸ் ஓடிக் காட்டட்டும்.

மயிலாப்பூர் தெப்பக்குளம் வரை ஒரு முக்கல் முனகல் இல்லை. குளத்து மூலையில் திரும்புவதற்காகப் பஸ் நின்றபோது, கல்யாணராமன் குடையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னா சார், எறங்கிட்டீங்க? ஏறுங்க, ஷெட்டுக்குப் போவணும்."

"நீங்க போங்க பாய். சீட்டுல இருக்கிறது என் பேரு."

ஷரஃபுதீனின் கை எஞ்சினை அணைக்கப் போயிற்று.

"எஞ்சினை அணைச்சுடாதீங்க" என்றார் கல்யாணராமன். "சூடு ஆறிட்டா மறுபடி கிளப்பறது கஷ்டம்."

பஸ் தெருமுனை திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் சீராகத்தான் இருந்தது.

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஐந்தரைக்கு முன்னால் போய் நின்றால், என்ன ஏது என்று மனைவி சுப்புலக்ஷ்மி பதறிப்போவாள். குளத்துப் படியில் உட்கார்ந்து, காலையில் அவள் கட்டிக்கொடுத்த மோர்சாதத்தைத் திறந்தார்.