கடைசி நாற்பது அடி

முடிவுக்கோட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போது கணக்கு டீச்சரின் வலது கால் மடங்குகிறது. விடிந்ததிலிருந்து நடக்கிற பந்தயம் இது. கடலில் நீந்தி, சைக்கிளிலிருந்து விழுந்து தொடையெல்லாம் சிராய்ந்து, அதற்குப் பிறகும் ஓடி வந்தவள் இப்போது தார்ச்சாலையில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கிடக்கிறாள். அவள் முதுகில் வியர்வை உப்பாகக் காய்ந்திருப்பது சாய்ந்த வெயிலில் வெள்ளையாகத் தெரிகிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் அவள் கணவன், ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கிறவன், கம்பியை இறுகப் பிடித்திருக்கிறான். "போய்த் தூக்கி விடுப்பா," என்று மகள் அவன் சட்டையை இழுக்கிறாள். "தொட்டா போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்கடா கண்ணு. அம்மா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்." "அம்மா அழறாப்பா." "தெரியுதுடா." ஒலிபெருக்கி அவள் பெயரை உற்சாகமாக, தப்பாக உச்சரிக்கிறது. அவள் ஒரு கையை முன்னால் வைக்கிறாள், பிறகு முழங்காலை நகர்த்துகிறாள். அது இருந்த இடத்தில் தார் சிவப்பாக ஈரமாகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் அவன் உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. கோட்டைத் தாண்டி அவள் குப்புறச் சாய்ந்ததும் கூட்டம் கைதட்டுகிறது. தடுப்பை ஏறிக் குதித்து ஓடியவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி, எங்கே பிடித்தால் வலிக்காது என்று தெரியாமல் அப்படியே இருக்கிறான்.