சொன்னது சொன்னபடி

“அந்த ஆளு ஒரு கழுதைன்னு சொல்லும்மா” என்றார் கடைக்கார அம்மா.

மேசையருகே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளப் பெண்ணுக்கு வியர்த்தது. எதிரே மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக இருந்தார். இவர் மொழியில் அவர் பேசமாட்டார், அவர் மொழியில் இவர் பேசமாட்டார். இருவரும் கூட்டாக நடத்திய மரச்சாமான் கடையைப் பிரித்துக்கொள்ளத்தான் ஏஜென்சியிலிருந்து அவளை வரவழைத்திருந்தார்கள்.

“நீங்க ரொம்பப் பொறுமைசாலின்னு சொல்றாங்க சார்” என்றாள் அவர் மொழியில்.

சொன்ன பிறகுதான் மேனேஜரின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. “சொன்னதைச் சொன்னபடி சொல்லு. திட்டுறது அவங்க சுதந்திரம், அதுல கத்தரி போட நீ யாரு?” என்று போன மாதம்தான் அவர் கிழித்திருந்தார். இன்னொரு புகார் வந்தால் சீட்டு கிழிந்துவிடும். அப்பா வேலையை விட்டு வீட்டோடு இருக்க, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஆனால் உள்ளபடி சொன்னால் இங்கே நாற்காலி பறக்கும். கடை நிறைய நாற்காலிகள் வேறு.

மீசைக்காரர் கனைத்தார். “அவ தலைக்குள்ள மூளை கிடையாது, மரத்தூள்தான்னு சொல்லு.”

“எந்நேரமும் உங்க தலைக்குள்ள கடை நினைப்புதானாம் மேடம்.”

“பினாயில் ஊத்தி வாயைக் கழுவச் சொல்லு.”

“நீங்க எப்பவும் சுத்தமா, பளிச்சுனு பேசுறவராம் சார்.”

காபி வந்தது. அம்மா ஒரு வாய் உறிஞ்சினார், முகத்தைச் சுளித்தார், சர்க்கரை போடாத அந்தக் கப்பை மீசைக்காரர் பக்கம் தள்ளிவிட்டார். அவரும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் குடித்தார்.

அப்புறம் வசவு குறைந்து வேலை நடந்தது. கடை அம்மாவுக்கு, பின்பக்கத்துப் பட்டறை மீசைக்காரருக்கு, லாரி இருவருக்கும் பொது என்று பேச்சு சுமுகமாக முடிந்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று அவள் கைப்பையை எடுத்தாள்.

“கொஞ்சம் நில்லும்மா” என்றார் மீசைக்காரர். “மரத்தூளை அழகா மாத்திட்டியே.”

அவர் பேசியது அம்மாவின் மொழியில். ஒரு தடுமாற்றம் இல்லை.

அவள் எடுத்த கைப்பையை மறுபடி மேசையில் வைத்தாள். “சார், ஏஜென்சியில சொல்லிடாதீங்க. என் வேலை போயிடும்.”

“எதுக்குப் பயப்படுறே? அடுத்த தடவையும் இந்தப் பொண்ணுதான் வேணும்னு எழுதிக் குடுக்கப் போறோம்” என்றார் அம்மா. அது மீசைக்காரரின் மொழி. அதிலும் பிசிறில்லை.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் ரெண்டு மொழியும் தெரியுமா? அப்புறம் நான் எதுக்கு மேடம்?”

மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“நாங்க புருஷன் பொண்டாட்டியா இருந்தப்ப, இப்படி மாத்திச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சும்மா.”