ரெட்டைச் சாக்கு

"அந்தப் பெட்டியத் தூக்கி வெளிய வைக்கிறியா, இல்ல நான் போடிக்கு ஜீப்பு ஏறவா?"

செல்லக்கிளி நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். எட்டாம் மாதம்.

"மழை பெய்யுது புள்ள. நனைஞ்சா அது செத்துப்போகும். அது செத்தா என் சோலியும் செத்துச்சு" என்றான் ஒச்சப்பன்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவன் காவல். முதலாளி வெள்ளைத்துரை போன மாதம்தான் அவன் அறையில் வயர்லெஸ் பெட்டியை வைத்தார். போடியில் அவர் வீட்டில் ஒன்று. பக்கத்துத் தோட்டங்களிலும் உண்டு. ஒன்றில் பேசினால் எல்லாவற்றிலும் கேட்கும்.

பெட்டியை மாட்ட வந்தவர் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். "ரிசீவர்ல பட்டன அமுக்கினாப் பேசலாம், விட்டாக் கேக்கலாம். அமுக்கும்போது மட்டும் அலை கிளம்பும், பெட்டியில சிவப்பு விளக்கு எரியும். அப்பக் கூரைக் கம்பியத் தொடாதீங்க. மத்தபடி பயமில்ல."

அலை என்ற சொல்லைக் கேட்ட அன்றே செல்லக்கிளிக்குத் தலைவலி வந்தது.

"பயமில்லைன்னு சொல்ல அவருக்கென்ன? வயித்துல சுமக்கிறது அவரா, நானா? நீ அதுல பேசறப்பல்லாம் உள்ள உதைக்குது."

"நான் பேசினா நீயுந்தான் உதைக்கிற."

சொல்லிவிட்டானே தவிர, யாரை நம்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வந்தவர் படித்தவர். தலைவலியோ இவளுடையது.

மூலையில் ஏலக்காய்ச் சாக்குகள் கிடந்தன. ரெட்டைச் சாக்கு, நடுவில் பிளாஸ்டிக் தாள். காய் போட்டுக் கட்டினால் வாசம்கூடக் கசியாது.

"கண்ணுக்குத் தெரியாத வாசத்தையே அடக்குது. அலைய அடக்காதா?" என்றாள் செல்லக்கிளி.

அவனுக்கும் அது சரியாகவே பட்டது. மதியம் பெட்டியைச் சாக்குக்குள் இறக்கினான். கூரைக் கம்பிக்குப் போகும் வயருக்கு மட்டும் சாக்கின் வாயில் இடம் விட்டான். வெளியே தொங்கிய ரிசீவரையும் மூட்டைமேல் சேர்த்து, ஜீப் லோடுக்குக் கட்டுவதுபோல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இறுக்கினான்.

"மொதலாளி கேட்டா?"

"இடி விழுந்து கெட்டுப்போச்சும்பேன். ஏறி வந்தா பாக்கப் போறாரு? கட்டில்லருந்து எறங்கவே பொண்டாட்டிகிட்ட உத்தரவு கேக்கிற ஆளு."

செல்லக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூக்கால் "ஒச்சப்பா, ஓவர்!" என்று முதலாளியைப் போலவே பேசிக் காட்டினாள்.

சற்று நேரத்தில் ஈரத்துணியை எடுத்து எறிந்தாள். "விட்டிருச்சு. சத்தியமா விட்டிருச்சு."

எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரக் கஞ்சி குடித்தாள்.

ஒச்சப்பனுக்குத்தான் குழப்பம். மணிக்கொரு தரம் கூப்பிடும் முதலாளி ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். அடைக்கோழி போலச் சூடாக இருந்தது.

"ஏ புள்ள, இது சுடுது."

"அடைபட்ட அலை. கொதிக்காமப் பின்ன?" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

வெடித்துவிடுமோ என்று அவன் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும்போது ஜீப் வந்தது. டிரைவர் சோலைமலை நனைந்தபடி உள்ளே நுழைந்தான். முகத்தில் அடக்கிய சிரிப்பு.

"இடி எங்கண்ணே விழுந்துச்சு?"

ஒச்சப்பன் விழித்தான். இந்தப் பொய்யை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"உனக்கு யாருடா சொன்னா?"

சோலைமலை சாக்கின் வாயை விலக்கினான். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்தான். ரிசீவரில் அமுங்கிக் கிடந்த பட்டன் டக்கென்று மேலே வந்தது. விளக்கு அணைந்தது.

உடனே பெட்டியிலிருந்து முதலாளியின் மூக்குக்குரல் வந்தது.

"ஒச்சப்பா, பொண்டாட்டி உத்தரவு குடுத்துட்டா, நான் கட்டில்லருந்து எறங்கிட்டேன். மத்தியானத்துலருந்து விடாம அலை அடிச்சுக்கிட்டே இருந்திருக்கே, செல்லக்கிளிக்குத் தலைவலி விட்டிருச்சாமே? ஓவர்."