பாகுப் பதம்

கடலைமிட்டாய்ப் பட்டறையில் வெல்லப்பாகு கொதிக்கிறது. பெனிட்டோ ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டுகிறார். பதம் பார்ப்பது தின்பதாகாது என்று இத்தனை காலம் நம்பிய கை, பழக்கத்தில் உதடுவரை போய்த் திரும்புகிறது. உருண்டையைத் தட்டில் எறிகிறார், கணீரென்கிறது. பாகு கடலைக்குப் போகிறது. அவர் வாசல் வெயிலில் காலை நீட்டுகிறார். சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டையும் உறக்கத்தையும் திருத்தும் முகாமிலிருந்து வந்த நர்ஸ் அஞ்சலின், அவர் கால்விரலில் போட்ட கட்டைப் பிரிக்கிறாள். விரலையே எடுக்கவேண்டும் என்று மிரட்டிய புண் மூடியிருக்கிறது. அதன்மேல் பச்சைக்குழந்தையின் உள்ளங்கைபோல ஒரு புதுத்தோல். “மருந்து பாதி அண்ணாச்சி, நீங்க வாயைக் கட்டுனது பாதி.” பஞ்சால் மெல்லத் தொடுகிறாள். மரத்துக்கிடந்த கால் வெடுக்கென்று பின்வாங்குகிறது. “கூசுது சிஸ்டர்,” என்கிறார் பெனிட்டோ, ஆமென் சொல்லி நற்கருணை வாங்குகிற குரலில்.